கிரகணம் இல்லாமலே சூரியனின் கொரோனாவை படம் பிடித்தவர்: டெலஸ்கோப்புக்குள் சிதறிய ஒளியை பெர்னார்ட் லியோ விரட்டியது எப்படி?

டெலஸ்கோப்பில் செல்போனையோ கேமராவையோ வைத்து நிலாவை படம் எடுத்தவங்களுக்கு இந்தத் தொல்லை தெரிஞ்சிருக்கும். படம் முழுக்க புகை படிந்த மாதிரி ஒரு வெளுப்பு, நடுவில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த ஒரு ஒளிப்பொட்டு. நிலாவுக்கே இப்படின்னா, சூரியனை ஒட்டி மங்கலாகத் தெரியும் ஒன்றை எப்படி படம் எடுப்பது? அதைச் செய்து காட்டியவர்தான் பிரான்ஸ் வானியலாளர் பெர்னார்ட் லியோ.

யார் இவர்?

1897 பிப்ரவரி 27-ல் பாரிஸில் பிறந்தவர். மின் பொறியியல் படித்துவிட்டு, 1920-ல் பாரிஸ் அருகே உள்ள மூடோன் ஆய்வகத்தில் சேர்ந்தார். நிலாவிலும் கோள்களிலும் பட்டு வரும் ஒளியில் இருக்கும் மிக நுண்ணிய வேறுபாடுகளை அளப்பதுதான் அங்கே அவர் வேலை. அதற்கான கருவிகளையும் அவரே செய்தார். துளி ஒளியையும் விடாமல் கணக்கு பார்க்கும் இந்தப் பழக்கம்தான் பின்னால் கை கொடுத்தது.

என்ன சிக்கல்?

சூரியனைச் சுற்றியிருக்கும் மெல்லிய வெளிப்புற வளிமண்டலம்தான் கொரோனா. அதன் வெளிச்சம் சூரிய வட்டின் வெளிச்சத்தில் சுமார் 10 லட்சத்தில் ஒரு பங்குதான். அதனால் முழு கிரகணத்தின்போது, அதுவும் சில நிமிடம் மட்டுமே பார்க்க முடிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் எல்லரி ஹேல் உட்பட பலர், 1890-களில் உயரமான மலைகளில் ஏறி கிரகணம் இல்லாத நாளில் முயற்சி செய்து தோற்றார்கள்.

வானம் பளிச்சென்று இருப்பதுதான் காரணம்னு பலரும் நினைத்தார்கள். அது பாதி காரணம்தான். மீதி கோளாறு டெலஸ்கோப்புக்கு உள்ளேயே இருக்கிறது என்று லியோ கண்டுபிடித்தார்.

எப்படி கண்டுபிடித்தார்?

சூரியனின் பிம்பம் விழும் இடத்தில் ஒரு சிறிய வட்டத்தகட்டை வைத்து மறைத்தார். பிறகு அதன் பின்னால் இருந்து முன் லென்ஸையே திரும்பிப் பார்த்தார். சூரியனை மறைத்த பிறகும் எது மின்னுகிறதோ, அதுதான் திருடன்! கண்ணாடியின் மேல் தூசி, கீறல், உள்ளே இருந்த காற்றுக்குமிழி எல்லாம் மின்னின. லென்ஸின் விளிம்பு ஒரு வளையமாக ஒளிர்ந்தது. லென்ஸின் இரண்டு பரப்புக்கும் நடுவே ஒளி எதிரொலித்து, மையத்தில் ஒரு பொய்ப் பொட்டும் தெரிந்தது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து. குமிழி இல்லாத கண்ணாடியில், பல லென்ஸ் சேர்க்காமல், ஒற்றை லென்ஸை கீறலின்றி மெருகேற்றினார். குழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை தடவியதால் தூசி அதில் ஒட்டிக்கொண்டது. விளிம்பு ஒளியை மறிக்க, லென்ஸின் பிம்பம் விழும் இடத்தில் கொஞ்சம் சிறிய துளையுள்ள வளையம். பொய்ப் பொட்டை மறைக்க நடுவில் குட்டித் தகடு. இதில் அந்த வளையம்தான் உண்மையான சாமர்த்தியம். இன்றும் அதன் பெயர் 'லியோ ஸ்டாப்'. மொத்தக் கருவிக்குப் பெயர் கொரோனாகிராஃப்.

வானத்துக்கு என்ன செய்தார்?

வானத்துக்கு மருந்து கிடையாது, மேலே போவதுதான் வழி. பிரனீஸ் மலைத்தொடரில், சுமார் 2,870 மீட்டர் உயரத்தில் உள்ள பீக் டு மிடி ஆய்வகத்துக்கு கருவியைக் கொண்டு போனார். அப்போது அங்கே ரோப் கார் எல்லாம் இல்லை. 1930-ல் கிரகணமே இல்லாத பகலில் கொரோனாவைக் கண்டார். 1931-ல் படமும் எடுத்தார். பிறகு சூரியனின் தீப்பிழம்புகளை சினிமாவாகவே பதிவு செய்தார். 1939-ல் பிரிட்டனின் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

கிரகணத்துக்காக காத்திருக்கத் தேவையில்லாமல் செய்தவரின் முடிவு, ஒரு கிரகணப் பயணத்தில்தான் வந்தது. 1952 பிப்ரவரி 25-ல் சூடானில் முழு கிரகணத்தை ஆய்வு செய்துவிட்டுத் திரும்பும்போது, ஏப்ரல் 2-ம் தேதி கெய்ரோ அருகே ரயிலில் மாரடைப்பால் இறந்தார். வயது 55.

இப்போது எங்கே இருக்கிறது அந்த வளையம்?

2023 செப்டம்பரில் இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் கொரோனாகிராஃபிலும் லியோ ஸ்டாப் உண்டு. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

வீட்டு டெலஸ்கோப்பிலும் லியோவின் வழியை முயன்று பார்க்கலாம். நிலாவை பார்வைப் பரப்புக்கு சற்று வெளியே நிறுத்துங்க. கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு குழாய்க்குள்ள பாருங்க. பளபளக்கிற இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட்டோ கறுப்பு வெல்வெட் துணியோ போதும். இதை நிலாவை வைத்து மட்டும்தான் செய்யணும். சூரியன் பக்கம் திருப்பினா கண் போயிடும்.