ஆப் இல்லாத காலத்தில் 'தானே கற்றல்': யார் இந்த டேவிட் ஹார்ஸ்பரோ?

2007-08 வாக்கில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மூணாவதோ நாலாவதோ படிச்சவரா நீங்கள்? அப்படின்னா சுவரில் இருந்த கற்றல் ஏணி, அடுக்கி வைத்த அட்டைகள், தலைக்கு மேல் கம்பிப் பந்தல், தரையில் உட்கார்ந்தே எழுதுற உயரத்தில் கரும்பலகை எல்லாம் ஞாபகம் இருக்கும். செயல்வழிக் கற்றல், சுருக்கமாக ஏபிஎல். அதன் வேரைத் தேடினால் பெங்களூருவைத் தாண்டி கோலார் மாவட்டத்துக்குப் போகணும்.

டேவிட் ஹார்ஸ்பரோ ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையோடு இந்தியா வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். ரிஷிவேலி பள்ளியில் ஆசிரியர். பிறகு பிரிட்டிஷ் கவுன்சிலில், சென்னையிலும் பெங்களூருவிலும் பல ஆண்டுகள் வேலை. பாடப்புத்தகங்களும் எழுதினார். அந்த வேலையை விட்டுட்டு, 1972-ல் ஆந்திர எல்லையை ஒட்டிய ராயல்பாடு அருகே ஏழு ஏக்கரில் 'நீல்பாக்' பள்ளியைத் தொடங்கினார். மனைவி டோரீனும் மகன் நிக்கோலஸும் கூடவே உழைத்தார்கள்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கான பள்ளி. தேர்வு இல்லை, ரேங்க் இல்லை, தண்டனை இல்லை, பரிசும் இல்லை. (கடைசி விஷயம் இன்னிக்கும் பல பெற்றோருக்கு ஜீரணமாகாது!) எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைப் புரட்டும் வகுப்பும் இல்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒண்ணா உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் படிப்பாங்க. தெரிஞ்ச பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும். கணக்கு, ஆங்கிலம், தெலுங்கு, சமஸ்கிருதத்தோடு தச்சு, கொத்து வேலை, தையல், தோட்டம், இசையும் பாடங்கள்தான்.

தொழில்நுட்பம்னு பார்த்தா அட்டையும் ரம்பமும்தான். ஆனா அந்த அட்டை சாதாரண விஷயமில்லை. ஒரு படி முடிந்ததும் அடுத்த படி எது என்று திட்டமிட்டு, படம் வரைந்து, நடுவில் கொஞ்சம் கிண்டலும் சேர்த்துத் தயாரித்தார்கள். பிள்ளை தானே படிச்சா ஆசிரியருக்கு வேலை குறையும்னு நினைப்போம். குறையாது, பிள்ளைகள் வருவதற்கு முன்பே அந்த வேலை நடந்திருக்கணும்.

1984-ல் ஹார்ஸ்பரோ இறந்தார். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் தனித்தனியே பள்ளிகள் தொடங்கினார்கள். பெங்களூருவின் விகாசனா அதில் ஒன்று. ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளிலும் அட்டை முறை வளர்ந்தது. அதைப் பார்த்து வந்த ஆசிரியர்களைக் கொண்டு, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஏபிஎல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது.

இங்கேதான் சிக்கல். நீல்பாக்கில் அட்டையைத் தயாரித்தவருக்கு அதைப் படிக்கப்போகும் பிள்ளையைத் தெரியும். மாநிலம் முழுக்க ஒரே அட்டையை அச்சடித்தபோது அந்த அறிமுகம் போச்சு. இன்று பெங்களூருவில் உருவாகும் கற்றல் ஆப்கள் 'அவரவர் வேகம்' என்பதை நன்றாகவே பிடித்துக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் இன்னொரு பிள்ளை மட்டும் திரையில் இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிள்ளைகள் படிக்கிறாங்க.