சொல்லின் வேரைத் தேடிய பாவாணர்

புக்கிட் பாத்தோக் என்ற பெயரில் ‘புக்கிட்’ மலாய்ச் சொல். குன்று என்று பொருள். அதில் யாருக்கும் ஐயமில்லை. ‘பாத்தோக்’ எங்கிருந்து வந்தது என்பதில்தான் பல கதைகள். குன்றில் தென்னை மரங்கள் இருந்ததால் வந்த ஜாவானியச் சொல் என்பர் சிலர். கல்லைக் குறிக்கும் ‘பத்து’ திரிந்தது என்பர் வேறு சிலர். கல் குவாரிகளில் வெடி வைத்த ஓசை இருமலைப்போல் கேட்டதால் வந்த பெயர் என்றும் சொல்வதுண்டு. மலாயில் இருமலுக்கும் ஏறக்குறைய அதே சொல்தான்.

மூன்று கதையும் காதுக்குப் பொருந்துகின்றன. ஆனால் ஓசை ஒத்திருப்பது மட்டும் ஒரு சொல்லின் பிறப்புக்குச் சான்றாகாது. சொல்லின் பிறப்பைக் கண்டறிவது எப்படி என்ற கேள்விக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர்.

1902 பிப்ரவரி 7ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பகுதியில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். படிப்பை முடித்துப் பள்ளி ஆசிரியரானார். ஆம்பூர், மன்னார்குடி, திருச்சி என ஊர் ஊராக வேலை பார்த்தார்.

அவருடைய ஆய்வு அவர் பெயரிலேயே தெரிந்தது. தேவநேசன் என்ற பெயரைத் தேவநேயன் என்று மாற்றிக்கொண்டார். கவிவாணர் என்ற பட்டத்தையும் பாவாணர் ஆக்கினார்.

1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வெளிவந்தது. 1944 முதல் 12 ஆண்டுகள் சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பின்னாளில் பாவலரேறு என்று புகழ்பெற்ற பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் படித்தவர்.

பாவாணரின் முறை எளிமையானது. ஒரு சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அதன் குடும்பத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பார். ‘சுல்’ என்ற வேரிலிருந்து சுழி, சுழல், சுருள், சுற்று ஆகியவை கிளைத்ததாகக் காட்டினார். ஓசையும் உறவு, பொருளும் உறவு; எல்லாவற்றிலும் வளைதல் என்ற கருத்து நிற்கிறது. புகையிலையைச் சுருட்டியதால் வந்த ‘சுருட்டு’ கடல் கடந்து ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ ஆனது, மலாயில் ‘செருத்து’ ஆனது. கடை ‘கெடாய்’ என்றும், கட்டில் ‘காத்தில்’ என்றும், பெட்டி ‘பெத்தி’ என்றும் மலாய்க்காரர் வாயில் இன்றும் வழங்குகின்றன.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் முன்னொட்டு, பின்னொட்டு இரண்டையும் படிக்கிறார்கள். தமிழ்ச் சொல் பெரும்பாலும் பின்பக்கம்தான் வளரும். அறி என்ற அடியிலிருந்து அறிவு, அறிஞர், அறிக்கை, அறிவிப்பு எல்லாம் வருகின்றன. முன்னால் நிற்பவற்றில் முக்கியமானவை அ, இ, எ என்ற எழுத்துகள். அங்கு, இங்கு, எங்கு. அவன், இவன், எவன். அடியையும் ஒட்டையும் பிரிக்கத் தெரிந்தால் புதுச் சொல்லைப் பார்த்தும் பொருளை ஊகிக்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி பல தமிழ்ச் சொற்களுக்குத் தவறாக வடமொழி மூலம் காட்டுகிறது என்று பாவாணர் வாதாடினார். அதற்கு ஈடாகச் சரியான சொற்பிறப்பியல் அகரமுதலி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் ஆசை. 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான வாய்ப்புக் கிடைத்தது. கருத்து வேறுபாடு முற்ற, 1961இல் அங்கிருந்து வெளியேறினார்.

அடுத்த ஆண்டுகள் கடினமானவை. நிலையான வேலை இல்லை. 1963இல் மனைவியையும் இழந்தார். ஆனாலும் காட்டுப்பாடியில் இருந்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். ‘தமிழ் வரலாறு’, ‘வடமொழி வரலாறு’ போன்ற நூல்கள் அந்தக் காலத்தில் வந்தவை. பெருஞ்சித்திரனார் தம் ‘தென்மொழி’ இதழ் வழியாகப் பாவாணரின் பணிக்குப் பணம் திரட்டினார். பெரிய நிறுவனம் கைவிட்ட வேலையைச் சாதாரண வாசகர்கள் தாங்கினார்கள்.

1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி, அவரை இயக்குநர் ஆக்கியது. அப்போது அவருக்கு வயது 72. மற்றவர்கள் ஓய்வில் இருக்கும் வயதில் அவர் வேலையைத் தொடங்கினார்.

பாவாணர் சொன்ன எல்லாவற்றையும் மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. தமிழே உலக மொழிகளுக்கெல்லாம் தாய், குமரிக்கண்டத்தில் பிறந்த மொழி என்ற அவர் முடிவுகளுக்குச் சான்று போதாது என்பது பெரும்பாலோர் கருத்து. தொலைதூர மொழிகளின் சொற்களை அவர் ஓசை ஒற்றுமையை வைத்து இணைத்த இடங்களும் உண்டு. அவர் கற்றுத் தந்த அளவுகோலை அவருக்கும் வைத்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அப்படிப் பார்த்தாலும், தமிழுக்குள் அவர் திரட்டிக் காட்டிய சொற்குடும்பங்கள் பெருஞ்செல்வமாகவே நிற்கின்றன.

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதில் உரையாற்றிய பாவாணர் உடல்நலம் குன்றி, அந்த மாதமே மதுரையில் காலமானார். அகரமுதலியின் ஒரு மடலத்தைக்கூட அவர் அச்சில் பார்க்கவில்லை. முதல் மடலத்தின் முதல் பகுதி 1985இல்தான் வெளிவந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் வேலையை விடாமல் தொடர்ந்து, 2011இல் 12 மடலங்கள், 31 பகுதிகளாக முடித்தார்கள். அவர் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 37 ஆண்டுகள்.