யானைப் படையை நடத்திய பரஞ்சோதி

இன்று ஒரு வாலிபன் ராணுவத்தில் சேர விரும்பினால், அவன் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. தரைப்படை, கடற்படை, விமானப்படை. எதில் சேருவது என்று வீட்டில் பேச்சு நடக்கும். தகப்பனார் ஒன்று சொல்வார். தாய்மாமன் வேறொன்று சொல்வார்.

1,400 ஆண்டுகளுக்கு முன்பும் இந்தக் கேள்வி இருந்தது. அப்போது விமானம் கிடையாது. ஆனால் தேர், யானை, குதிரை, காலாள் என்று படை நான்கு வகையாகப் பிரிந்திருந்தது. கடல் கடந்து செல்லக் கப்பல்களும் இருந்தன.

அந்தக் காலத்தில் சோழ நாட்டில் பிறந்து, காஞ்சி மன்னனிடம் பணிபுரிந்தார் ஒருவர். யானைகளை நடத்திச் சென்றார். பகைவனின் தலைநகரையே பிடித்தார். புகழின் உச்சியில் இருந்தபோது, படையை விட்டு விலகி ஊர் திரும்பினார்.

அவர் பெயர் பரஞ்சோதி. சிறுத்தொண்டர் என்று சொன்னால் இன்னும் பலருக்குத் தெரியும். 63 நாயன்மார்களில் அவர் ஒருவர்.

நாலு வித்தைகள்

இப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருமருகலுக்குப் பக்கத்தில் இருக்கிறது திருச்செங்காட்டங்குடி. அதுதான் பரஞ்சோதியார் பிறந்த ஊர். நெல் விளையும் காவிரிச் சீமை. ஊரின் நடுவே கணபதீச்சரம் என்னும் சிவன் கோவில்.

அவர் மாமாத்திரர் குலத்தில் பிறந்தவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. சேக்கிழார் அந்த நூலை 12-ம் நூற்றாண்டில் எழுதினார்.

பரஞ்சோதியார் இளமையில் நாலு வித்தைகளைக் கற்றார். முதலாவது, ஆயுர்வேத வைத்தியம். இரண்டாவது, வடமொழி நூல்கள். மூன்றாவது, ஆயுதப் பயிற்சி. நான்காவது, யானையையும் குதிரையையும் அடக்கி நடத்துவது.

இத்தனையும் கற்றவர், நாள் தவறாமல் சிவனடியார்களுக்குத் தொண்டும் செய்து வந்தார். கையிலே ஆயுதம், மனதிலே பக்தி. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

காஞ்சிக்கு வந்த ஆபத்து

அப்போது சோழ நாடு பல்லவர் ஆட்சியில் இருந்தது. பல்லவரின் தலைநகரம் காஞ்சீபுரம். கோவில்களும் கல்விச் சாலைகளும் நிறைந்த பெரிய நகரம்.

அந்த நகரத்துக்கு ஒரு பெரிய ஆபத்து இருந்தது. வடமேற்கே சாளுக்கிய நாட்டை இரண்டாம் புலிகேசி ஆண்டான். வட இந்தியாவின் பேரரசனான ஹர்ஷனையே நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன் அவன். அவனுடைய தலைநகரம் வாதாபி. இன்று கர்நாடகத்தில் பாதாமி என்று அழைக்கப்படும் ஊர் அதுதான்.

மகேந்திரவர்மன் காஞ்சியை ஆண்டபோது, புலிகேசி படையெடுத்து வந்தான். காஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் பகைவரை முறியடித்ததாகப் பல்லவர் செப்பேடு சொல்கிறது. பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று 634-ம் ஆண்டில் வெட்டப்பட்ட சாளுக்கியரின் ஐகோளே கல்வெட்டு சொல்கிறது. அவரவர் பெருமையை அவரவர் எழுதிக்கொண்டார்கள்! ஆனால் ஒன்று நிச்சயம். சாளுக்கியப் படை காஞ்சியின் வாசல் வரை வந்தது.

மகேந்திரனுக்குப் பிறகு, சுமார் 630-ல் அவன் மகன் நரசிம்மவர்மன் பட்டத்துக்கு வந்தான். மாமல்லன் என்ற பெயர் பெற்றவன் அவன். மாமல்லபுரம் அந்தப் பெயரால் விளங்குவது.

புலிகேசி மறுபடியும் வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் கடும் சண்டை நடந்தது. மணிமங்கலம் இன்றைய தாம்பரத்துக்கு அருகே இருக்கிறது. மூன்று இடங்களிலும் நரசிம்மவர்மன் வென்றான்.

ஆனாலும் பகைவனின் கோட்டை அப்படியே நின்றது. அது நிற்கும் வரை காஞ்சிக்கு நிம்மதி இல்லை. அங்கே சென்று அதை உடைக்க வேண்டும். அதற்கு ஒரு தளபதி தேவைப்பட்டார்.

எந்தப் படை?

தேர்ப்படைக்குப் பழைய மதிப்பு போய்விட்டது. தேர் ஓடச் சமதரை வேண்டும். காட்டிலும் மலையிலும் அதனால் பயன் இல்லை.

காலாட்படை எல்லாப் போருக்கும் அடிப்படை. ஆனால் கோட்டைக் கதவின் முன்னே வெறும் காலாள் என்ன செய்ய முடியும்? மேலேயிருந்து வரும் அம்புக்கும் கல்லுக்கும் இரையாக வேண்டும்.

குதிரைப்படை வேகமானது. ஆனால் நல்ல குதிரைகள் நம் நாட்டில் பிறப்பதில்லை. சங்க காலத்திலிருந்தே அவை கப்பலில் வந்து இறங்கின. விலை அதிகம். நம் வெயிலிலும் மழையிலும் அவற்றைக் காப்பாற்றுவதும் கடினம்.

கடற்படை இருந்தது. நாட்டை இழந்து வந்த மானவர்மன் என்ற இலங்கை இளவரசன், நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். அவனுக்காகப் பல்லவக் கப்பல்கள் இரண்டு முறை இலங்கைக்குப் போயின. இரண்டாவது முறை வெற்றி கிடைத்தது. மானவர்மன் முடி சூடினான். ஆனால் வாதாபி கடற்கரையில் இல்லையே! மலைநாட்டின் நடுவே அல்லவா இருந்தது?

மிஞ்சியது யானைப்படை. கோட்டைக் கதவை முட்டித் திறப்பது யானை. மதிலைச் சரிப்பது யானை. ஆற்று வெள்ளத்தில் நீந்திக் கடப்பது யானை. பகைவனை அழிப்பதற்கு யானைகளே முக்கியம் என்று கவுடில்யரின் அர்த்தசாஸ்திரம் முன்பே சொல்லியிருந்தது.

யானையின் தொல்லை

யானைப்படை பலமானது. அதே சமயம் ஆபத்தானதும் கூட.

ஒரு பெரிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் தின்னும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். நூற்றுக்கணக்கான யானைகள் என்றால் எவ்வளவு தீனி! அவை நடக்கும் வழியெல்லாம் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஆண் யானைக்கு மதம் பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே நீர் வடியும். பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள், பாகன் சொல்லுக்கும் அது கட்டுப்படாது. காயம்பட்டு மிரண்டால் பின்னால் திரும்பி ஓடும். அப்போது மிதிபடுவது சொந்தப் படையின் வீரர்கள்தான்.

சாளுக்கியரிடமும் யானைகள் இருந்தன. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அந்த நாட்களில் தென்னாட்டுக்கு வந்தார். சுமார் 640-ல் காஞ்சியையும் பார்த்தார். புலிகேசியின் யானைகளுக்குப் போருக்கு முன் மது கொடுத்து வெறி ஏற்றுவார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட படையை எதிர்க்க, வெறும் வீரம் போதாது. யானையின் குணம் தெரிய வேண்டும். அதன் நோய் தெரிய வேண்டும். காயத்துக்கு மருந்து போடத் தெரிய வேண்டும். யானை வைத்தியத்துக்கென்றே பாலகாப்பியர் பெயரால் வடமொழியில் ஒரு பெரிய நூல் உண்டு.

இப்போது பரஞ்சோதியார் கற்ற நாலு வித்தைகளையும் நினைத்துப் பாருங்கள். வைத்தியம், வடமொழி, ஆயுதம், யானை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை போலத் தோன்றிய நாலும், யானைப்படையில் ஒன்றாகச் சேர்ந்தன! அவருடைய திறமை அவரை மன்னனுக்கு மிக வேண்டியவர் ஆக்கியது.

வாதாபிப் போர்

642-ம் ஆண்டு. பல்லவப் படை வாதாபியைத் தாக்கியது.

காஞ்சியிலிருந்து வாதாபி, பறவை பறக்கும் நேர் வழியிலேயே சுமார் 550 கிலோ மீட்டர். காடும் மலையும் சுற்றிப் போனால் இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு 15 கிலோ மீட்டர் நடந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வழியில் துங்கபத்திரையைக் கடக்க வேண்டும்.

வாதாபியோ இயற்கையே கட்டிய கோட்டை போன்றது. இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறைகள். நடுவே ஏரி. மலை உச்சியில் கொத்தளங்கள். 543-ல் முதலாம் புலிகேசி அந்தக் கோட்டையைக் கட்டினான். ஒரு நூற்றாண்டாக அது சாளுக்கியரின் பெருமையாக விளங்கியது.

பரஞ்சோதியார் மலை போன்ற யானைகளைச் செலுத்தி, அந்தப் பழைய நகரத்தைத் தூள் தூளாக்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பொன்னும் மணியும் யானைகளும் குதிரைகளும் பல்லவர் கையில் கிடைத்தன. புலிகேசி இந்தப் போரில்தான் மாண்டான் என்பது சரித்திர ஆசிரியர்களின் முடிவு.

பாதாமியில் ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. அவன் பட்டத்துக்கு வந்த 13-ம் ஆண்டில் வெட்டியது. வாதாபி கொண்டான் என்ற பட்டமும் அவனுக்கு நிலைத்தது. சுமார் 13 ஆண்டுகளுக்குப் பிறகுதான், புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான்.

சேக்கிழார் தம் நூலில் மன்னனின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் வாதாபியை வென்ற பல்லவன் நரசிம்மவர்மன்தான். ஆகவே பரஞ்சோதியார் அவனுடைய தளபதி என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

மன்னன் கலங்கினான்

வெற்றிச் செய்தி கேட்டு மன்னன் மகிழ்ந்தான். பரஞ்சோதியாரின் வீரத்தைச் சபையில் புகழ்ந்தான்.

அப்போது மந்திரிகள் ஒரு விஷயம் சொன்னார்கள். அவர் சிவனடியார், இறைவன் துணை இருப்பதால் அவரை எதிர்ப்பவர் யாரும் இல்லை என்றார்கள்.

மன்னன் திடுக்கிட்டான்! மகிழ்ச்சி பயமாக மாறியது. ஓர் அடியாரையா அம்பும் வேலும் பாயும் களத்துக்கு அனுப்பினோம் என்று நடுங்கினான். பரஞ்சோதியாரின் காலில் விழுந்து, தன் பிழையைப் பொறுக்க வேண்டும் என்று கேட்டான்.

பரஞ்சோதியார் பதறிப்போனார். தமக்கு உரிய தொழிலைத் தாம் செய்ததாகவும், அதில் என்ன தீங்கு என்றும் பணிவோடு சொன்னார். அவருக்குப் படைத்தொழிலும் ஒரு கடமைதான். அதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை.

ஆனால் மன்னன் கேட்கவில்லை. நிறையப் பொருள் கொடுத்தான். இனி விருப்பம் போலத் தொண்டு செய்யலாம் என்று விடை கொடுத்தான்.

அவர் ஊர் திரும்பினார். எந்தக் கோவிலைப் பார்த்து வளர்ந்தாரோ, அதே கணபதீச்சரத்தில் போய் வணங்கினார்.

சிறுத்தொண்டர் ஆனார்

திருவெண்காட்டு நங்கை என்ற உத்தமியோடு இல்லறம் நடத்தினார். சீராளன் என்று ஒரே மகன் பிறந்தான். தினமும் ஓர் அடியாருக்காவது சோறு போட்ட பிறகுதான் இருவரும் சாப்பிடுவார்கள்.

யானைகளை அதட்டி நடத்தியவர், அடியார்கள் முன்னே தம்மைச் சிறியவராக நினைத்துப் பணிந்து நின்றார். அதனால் சிறுத்தொண்டர் என்று பெயர் வந்தது. ஞானசம்பந்தர் அந்த ஊருக்கு வந்து அவரோடு தங்கினார். தம் பதிகத்திலும் அவரைப் பாடினார்.

பெரியபுராணம் சொல்லும் அடுத்த கதை கல் நெஞ்சையும் உருக்கும். சிவபெருமான் பைரவர் வேடத்தில் வந்தார். ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்கும் பாலகனைக் கறி சமைத்துத் தர வேண்டும் என்று கேட்டார். பள்ளிக்கூடம் போயிருந்த சீராளனை அழைத்து வந்து, தாயும் தகப்பனும் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தார்கள். உணவுக்கு உட்கார்ந்த பைரவர், மகனைக் கூப்பிடச் சொன்னார். எப்படி வருவான்? ஆனாலும் கூப்பிட்டார்கள். பள்ளியிலிருந்து வருபவன் போலச் சீராளன் ஓடி வந்தான்! பைரவரைக் காணவில்லை. இறைவன் காட்சி கொடுத்தார்.

வாதாபியில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் மாண்டார்கள். அந்தப் போரை நடத்தியவருக்கு, சொந்தப் பிள்ளையே சோதனையாக வந்தான் என்பதை இந்தக் கதையைக் கேட்பவர்கள் மறக்க முடியாது.

கதையும் சரித்திரமும்

திருச்செங்காட்டங்குடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். வாதாபி கணபதி என்று பெயர். பரஞ்சோதியார் போரிலிருந்து கொண்டு வந்தவர் என்பது மக்கள் நம்பிக்கை. பெரியபுராணத்தில் இது இல்லை. திருவாரூரிலும் வாதாபி கணபதி உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனையால் அந்தப் பெயர் கச்சேரி மேடைகளில் எல்லாம் ஒலிக்கிறது.

கல்கி எழுதிய சிவகாமியின் சபதம் நாவலில் பரஞ்சோதி முக்கியமான பாத்திரம். காஞ்சிக்கு வந்ததும் மதயானை மீது அவர் வேல் எறியும் காட்சி, கல்கியின் கற்பனை. யானையை வைத்தே அவரை அறிமுகப்படுத்தியது பொருத்தமான கற்பனை!

காஞ்சீபுரத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோவிலையும் பார்க்கலாம். 8-ம் நூற்றாண்டில் கட்டிய கோவில் அது. பிராகாரச் சுவர் முழுவதும் பல்லவர் கதை சிற்பமாக இருக்கிறது. அரசர்கள் முடி சூடுகிறார்கள். வீரர்கள் மோதுகிறார்கள். யானைகளும் குதிரைகளும் போகின்றன. பல்லவர் படை எப்படி இருந்தது என்பதை அந்தக் கல்லிலே கண்ணாரக் காணலாம்.

செங்காட்டங்குடியில் அவரை நினைக்கும் நாள் வேறு. வாதாபி விழுந்த நாளை அங்கே யாரும் கொண்டாடுவதில்லை. சித்திரை மாதம் பரணி நட்சத்திரத்தில் அமுது படையல் விழா நடக்கிறது. தளபதியை அல்ல, பசித்து வந்தவருக்குச் சோறு போட்டவரையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது.