பத்தாண்டுப் பொதுக்கல்வி வகுத்த பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரி

நம் இல்லத்துப் பிள்ளைகள் எப்பள்ளியில் பயின்றாலும், பத்தாம் வகுப்பு முடியும் வரையில் கணிதத்தையும் அறிவியலையும் கற்கின்றனர். ஆண், பெண் என்றோ, நகரம், சிற்றூர் என்றோ இதில் வேறுபாடு இல்லை. அதன் பின்னரே அவரவர் விருப்பத்திற்கும் ஆற்றலுக்கும் ஏற்பப் பிரிவு தேர்ந்துகொள்கின்றனர். இன்று இது இயல்பான நடைமுறையாகத் தோன்றுகிறது. ஆயினும் இது தானாக வந்ததன்று. இந்திய நாட்டின் பள்ளிப் பாடத்திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று ஆழ்ந்து சிந்தித்த ஒரு குழுவினரின் முடிவு அது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், வடபுலத்துச் சமணக் குடும்பமொன்றில் தோன்றிய இயற்பியல் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரி ஆவார். அப்பெருமகனாரின் வாழ்வை நம் வாசகர்கள், சிறப்பாக மாணவச் செல்வங்கள், அறிந்துகொள்ளுதல் நலம்.

இளமையும் கல்வியும்

கோத்தாரி 1906-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், மேவார் அரசின் தலைநகராகிய உதயப்பூரில் பிறந்தார். தந்தையார் பதேலால் கோத்தாரி ஓர் ஆசிரியர். எளிய குடும்பம், ஆயினும் கல்வியின் அருமை உணர்ந்த குடும்பம். 1918-இல் நாடெங்கும் பரவிய கொள்ளைநோய்க் காலத்தில் தந்தையார் இளவயதிலேயே காலமானார். மூத்த மகனாகிய தௌலத் சிங்குக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அந்நாளில் இத்தகைய நிலைக்கு ஆளான சிறுவர் பலர் ஏதேனும் ஒரு கடையில் கணக்கெழுத அமர்ந்துவிடுவது வழக்கம். கோத்தாரிக்கும் அவ்வாறு நேர்ந்திருக்கக் கூடும். ஆனால் தந்தையாரின் நண்பரும், இந்தூர் அரசில் உயர்பதவி வகித்தவருமாகிய சிரேமல் பாப்னா அவரைத் தம் பொறுப்பில் ஏற்று இந்தூரில் படிக்கவைத்தார். பள்ளிப்படிப்பை அங்கே முடித்து உதயப்பூர் திரும்பிய மாணவர், இடைநிலைத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். அதுகண்டு மேவார் மகாராணா உதவித்தொகை அளிக்க, அலகாபாத் பல்கலைக்கழகம் சென்று பயிலும் வாய்ப்புக் கிட்டியது.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மேகநாத சாகா. விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறியும் வழியைக் கணித முறையில் நிறுவி உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரிடம் பயின்று 1928-இல் முதுகலைப் பட்டம் பெற்ற கோத்தாரி, 1930-இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் புகழ்மிக்க கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ரூதர்போர்டு, ஃபௌலர் ஆகியோர் சூழலில் ஆராய்ச்சி செய்து 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934-இல் தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் சேர்ந்து, 1961 வரை அங்கே பணியாற்றினார்.

அவருடைய ஆராய்ச்சியின் சாரத்தைச் சுருங்கக் கூறலாம். வெப்பம் மிகுந்தால் அணுவிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரியும் என்பது சாகாவின் ஆய்வு. வெப்பமின்றி, மிகப் பெரும் அழுத்தத்தாலும் அவை பிரியும் என்பதை எடுத்துக்கொண்டு, கோள்களுக்கும் ஒளி குன்றிய வெண்குறு மீன்களுக்கும் அதனைப் பொருத்திக் காட்டினார் கோத்தாரி. குளிர்ந்த ஒரு வான்பொருள் ஏறத்தாழ வியாழன் கோளின் அளவுக்கு மேல் பருத்திருக்க இயலாது என்பது அவ்வாய்வில் விளைந்த முடிவுகளுள் ஒன்று.

அறிவியலும் அகிம்சையும்

நாடு விடுதலை பெற்றபின், 1948-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராகக் கோத்தாரி அமர்த்தப்பெற்றார். 1961 வரை அப்பொறுப்பை வகித்த காலத்திலும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியப் பணியை அவர் விடவில்லை.

கொல்லாமை அறத்தில் வளர்ந்தவர் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியதைச் சிலர் முரண்பாடாகக் கருதலாம். இவ்வேளையில் அவர் இயற்றிய நூலொன்றை நினைவுகூர வேண்டும். பிரதமர் நேருவின் விருப்பத்திற்கிணங்க, அணுகுண்டு வெடிப்பால் உயிர்களுக்கும் நிலத்துக்கும் பின்வரும் தலைமுறைகளுக்கும் நேரும் தீங்குகளை விளக்கும் நூலொன்றை அவர் 1956-இல் உருவாக்கினார். ஹோமி பாபா முதலிய அறிஞர்களும் அப்பணிக்குத் துணைநின்றனர். நேரு முன்னுரை வழங்கினார். உணர்ச்சியுரை தவிர்த்து, அளவுகளையும் கணக்குகளையும் கொண்டே அழிவின் அளவை அந்நூல் எடுத்துரைத்தது. கணிதமும் அறிவியலும் அறிந்தவனே ஒரு பேராபத்தை அச்சமின்றியும் மயக்கமின்றியும் எடைபோட இயலும். பிற்காலத்தில் அவர் வகுத்த பாடத்திட்டக் கொள்கையின் வேர் இங்கேயும் உள்ளது எனலாம்.

கல்விக்குழுவின் தலைமை

1961-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரான கோத்தாரி, 1973 வரை அப்பதவியில் இருந்தார். அதே காலத்தில், 1964 ஜூலையில், மத்திய அரசு ஒரு கல்விக்குழுவை நியமித்தது. தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி முழுவதையும் ஒருசேர ஆராய்வது அதன் பணி. பதினேழு உறுப்பினர் கொண்ட அக்குழுவில் ஜே. பி. நாயக் உறுப்பினர் செயலாளர். இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, சோவியத்து ஒன்றியம், ஜப்பான் ஆகிய நாடுகளின் அறிஞர்களும் இடம்பெற்றனர். 1964 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்தநாளன்று, குழு தன் பணியைத் தொடங்கியது. மாநிலங்கள்தோறும் சுற்றி, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டு கருத்தறிந்து, 1966 ஜூன் 29-இல் அறிக்கையை அளித்தது. கோத்தாரி குழு அறிக்கை என்றே அது இன்றளவும் வழங்கப்படுகிறது.

அவ்வறிக்கையின் அருமையை உணர, அதற்கு முந்தைய நிலையைச் சற்று அறிதல் வேண்டும். 1952-இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக்குழு, அனைவரும் ஏட்டுக்கல்வி ஒன்றையே நாடும் நிலையை மாற்ற விழைந்தது. ஆதலால் பல்நோக்குப் பள்ளிகளை நிறுவி, கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் ஒன்பதாம் வகுப்பளவிலேயே, பதினான்கு வயதை ஒட்டிய பருவத்தில், பிள்ளையின் வழி முடிவாகிவிடும் நிலை ஏற்பட்டது. அந்த வயதில் தன் ஆற்றலைத் தானறிந்த பிள்ளை எத்தனை பேர்? பெரும்பாலும் பெற்றோரின் எண்ணமும், அருகிலுள்ள பள்ளியின் வசதியுமே முடிவு செய்தன.

கோத்தாரி குழு இதனை மாற்றியது. முதல் பத்தாண்டுக் கல்வி அனைவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். பிரிவுகள் அதன் பின்னரே தொடங்குதல் வேண்டும். அப்பத்தாண்டிலும் கணிதமும் அறிவியலும் எவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கெனத் தனிப் பாடத்திட்டம் வேண்டுவதில்லை என்று ஹன்சா மேத்தா குழு முன்னரே கூறியிருந்ததை இக்குழுவும் ஏற்றது. மனையியல் விருப்பப் பாடமாக இருக்கலாம். ஆனால் பெண் என்னும் காரணத்தால் கணிதத்தையும் அறிவியலையும் கைவிடச் செய்தல் ஆகாது. அவற்றைப் பயில அவர்களுக்குத் தனி ஊக்கம் தருதல் வேண்டும் என்பது குழுவின் கருத்து.

பாடத்திட்டத்தின் அமைப்பு

கட்டாயமாக்குவதோடு குழு நின்றுவிடவில்லை. எவ்வகுப்பில் எதனை, எம்முறையில் கற்பிப்பது என்பதையும் படிப்படியாக வகுத்தது. முதல் இரு வகுப்புகளில் தூய்மை, நல்ல பழக்கம், சுற்றுப்புறத்தை உற்று நோக்கும் திறன் ஆகியவையே அறிவியல். அடுத்த வகுப்புகளில் உடல்நலமும் சுகாதாரமும் சேரும். நான்காம் வகுப்பில் ரோமன் எழுத்துகள் கற்பிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. அளவைகளுக்குரிய அனைத்துலகக் குறியீடுகளைப் பயன்படுத்தவும், நிலப்படங்களையும் அட்டவணைகளையும் படிக்கவும் அவை தேவை என்பதே காரணம்.

உயர்தொடக்க வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் முதலியன தனித்தனித் துறைகளாகத் தொடங்கும். தொடக்க நிலையில் வகுப்பறையின் ஒரு மூலையேனும் அறிவியலுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த நிலையில் விரிவுரைக்கும் செய்முறைக்கும் ஒருங்கே பயன்படும் அறை வேண்டும். உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் என்பது மனப்பயிற்சியாகவே அமைதல் வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் அது வேளாண்மையோடும், நகரப் பள்ளிகளில் தொழில்நுட்பத்தோடும் இணைதல் நன்று. ஆர்வமும் திறனும் மிக்க மாணவர்க்குக் கூடுதல் பாடம் வைக்கலாம்.

கணிதத்தைப் பற்றிய கருத்தும் தெளிவானது. இயந்திரம் போல் கணக்குகளைச் செய்து குவிப்பதினும் அடிப்படைக் கொள்கைகளை உணர்தலே முதன்மை. வாய்பாடு தெரிந்த பிள்ளை அஃது ஏன் அவ்வாறு என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். மனப்பாடம் அன்று, தேடிக் கண்டறிதலே கற்பித்தலின் வழி என்று குழு வலியுறுத்தியது.

நிறைவேறியதும் நிறைவேறாததும்

1968-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிப் பருவம் முடியும்வரை அறிவியலும் கணிதமும் பொதுக்கல்வியின் பகுதியாதல் வேண்டும் என்பதை ஏற்றது. 1975-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பத்தாண்டுப் பள்ளிக்கான பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. தமிழகத்தில் பதினோராண்டுப் பள்ளிப்படிப்பும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மறைந்து, 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தோன்றின. நம்முள் மூத்தோர் பலர்க்கு அம்மாற்றம் நினைவிருக்கும்.

ஆயினும் முழுதும் நிறைவேறியது என்று கூறுவதற்கில்லை. கட்டாயம் என்னும் விதி விரைந்து வந்தது. ஆய்வுக்கூடமும் தேர்ந்த ஆசிரியரும் மெல்லவே வந்தனர். சில ஊர்களுக்கு வரவேயில்லை. நாட்டு வருவாயில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செலவிடப்பட வேண்டும் என்று குழு கூறியது. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதே இலக்கை மீண்டும் கூற நேர்ந்ததே அது எட்டப்படாமைக்குச் சான்று. கற்பிக்க ஆளின்றிக் கட்டாயமாக்கப்பட்ட கணிதம், சில பிள்ளைகளுக்குக் கதவாக இல்லாமல் சுவராக நின்றது. இது திட்டத்தின் குற்றமன்று. அறிக்கையின் பாதியை ஏற்று, மறுபாதியைத் தள்ளிவைத்ததன் விளைவு.

இறுதிக்காலம்

பதவிகளிலிருந்து விலகிய பின்னும் கோத்தாரி ஓயவில்லை. ஆட்சிப்பணித் தேர்வுகளைச் சீரமைக்க அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1976-இல் அறிக்கை தந்தார். அதன் பயனாக, 1979 முதல் அத்தேர்வைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளிலும் எழுதும் வழி பிறந்தது. 1973-இல் பத்ம விபூஷண் விருது அவரை அடைந்தது.

முதுமையில் அவர் மனம் ஈடுபட்ட பொருள்களுள் ஒன்று, நமக்கு மிகவும் அணுக்கமானது. ஒளி, ஒரு சோதனையில் அலையாகவும் மற்றொரு சோதனையில் துகளாகவும் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே முழு உண்மை என்பது நீல்ஸ் போர் கண்ட கொள்கை. இதனை அனேகாந்தத்தோடும் சியாத்வாதத்தோடும் ஒப்பிட்டுக் கோத்தாரி எழுதிய கட்டுரை, 1985-இல் வெளிவந்த போர் நூற்றாண்டு மலரில் இடம்பெற்றது. ஒன்றை மற்றொன்றாகத் திரிக்காமல், இரண்டையும் மதித்து ஒப்புநோக்கியது அவர்தம் நேர்மை. 1993 பிப்ரவரி 4-ஆம் நாள் ஜெய்ப்பூரில் அவர் மறைந்தார்.

தந்தையை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஒரு நண்பர் பள்ளிக் கதவைத் திறந்து வைத்தார். அச்சிறுவன் வளர்ந்து, நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பதினாறு வயது வரை அக்கதவு அடைபடாதிருக்க வழி வகுத்தார். நம் இல்லங்களில் ஒரு பெண்குழந்தை கணிதம் கடினம் என்று கண்கலங்கும்போது, அவளுக்கு அது வேண்டாம் என்று கூறுவதினும், புரியும்படி சொல்லித்தர ஒருவரைத் தேடித்தருதலே தக்கது. நம் ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லையெனில், இல்ல விழாக்களின் செலவில் ஒரு பகுதியை அதற்கு ஈதல் கல்விதானமாகும். தந்தையில்லாப் பிள்ளை ஒருவன் நம் கண்ணெதிரே படிப்பை நிறுத்தும் நிலையில் இருப்பின், பாப்னா செய்ததை நாமும் செய்யலாம்.