ஓநாய்கள் இல்லாத மலை

சூழலியல் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்டோ லியோபோல்டு, 1887ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்றார். 1909இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து, அரிசோனாவின் அப்பாச்சி காட்டுப்பகுதியில் பணியேற்றார்.

ஓநாய், பூமா முதலிய கொன்றுண்ணிகளைத் தீங்குயிர்களாகக் கருதிய காலம் அது. ஓநாய் குறைந்தால் மான் பெருகும். மான் பெருகினால் வேட்டை சிறக்கும் என்று பலரும் எண்ணினர். இளைஞரான லியோபோல்டும் அவ்வாறே நம்பினார். பணியேற்ற ஆண்டிலேயே, மலையாற்றைக் கடந்து வந்த தாய் ஓநாய் ஒன்றை அவரும் தோழர்களும் சுட்டு வீழ்த்தினர். அருகில் சென்ற அவர், அதன் கண்களில் பச்சை ஒளி அணைவதைக் கண்டார். எனினும், அவர் கருத்து அன்றே மாறிவிடவில்லை. பின்னும் பல ஆண்டுகள் கொன்றுண்ணி ஒழிப்பை ஆதரித்தே எழுதினார்.

அவரை மாற்றியவை மலைகளே. ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் மான்கள் அளவின்றிப் பெருகின. அவை புதர்களையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்த்தன. இறுதியில் உணவின்றித் தாமே மடிந்தன. 1936இல் மெக்சிகோவின் சியரா மாத்ரே மலைகளுக்குச் சென்ற அவர், அங்கே ஓநாய்களும் மான்களும் ஒருங்கே வாழக் கண்டார். அம்மலைகளில் மண் அரிக்கப்படாமலும் ஆறுகள் தெளிந்தும் இருந்தன. ஓரினத்தை நீக்கினால் செடியும் மண்ணும் நீரும் அடுத்தடுத்து நிலைகுலையும் என்பதை அவர் உணர்ந்தார்.

1933 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய லியோபோல்டு, 1943இல் அம்மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரானார். மிகுந்துவிட்ட மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என அவர் வலியுறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது, அவர் பின்வாங்கவில்லை. பிறரைக் குறை கூறுவதோடு நில்லாமல், 1944இல் எழுதிய கட்டுரையில், தாம் ஓநாயைச் சுட்டதையும் தம் பழைய எண்ணம் பிழையானதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், அண்டை நிலத்தில் பரவிய புல்வெளித் தீயை அணைக்க உதவியபோது மாரடைப்பால் மறைந்தார். அவருடைய கட்டுரைத் தொகுப்பு மறு ஆண்டு நூலாக வெளிவந்தது. அவர் ஓநாயைச் சுட்ட அதே அப்பாச்சி காட்டில், 1998இல் மெக்சிகோ ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன.