தாயின் துயரம் தொண்டாக மலர்ந்தது

பேர்ல் பக் அம்மையாரை உலகம் ஒரு பெரும் நாவலாசிரியராக அறியும். 1938-ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற அவர், அப்பரிசை அடைந்த முதல் அமெரிக்கப் பெண்மணி. ஆனால், அவரை முனைந்து எழுத வைத்தது புகழாசை அன்று. வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாத மகளை வாழ்நாள் முழுவதும் காப்பாற்றப் பொருள் தேடவேண்டிய நெருக்கடியே அது என்பதைப் பலரும் அறியார்.

பேர்ல் 1892 ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹில்ஸ்போரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் சமயப்பணி ஆற்றிவந்த கிறிஸ்தவ ஊழியர்கள். சில மாதக் குழந்தையாகச் சீனம் சென்ற பேர்ல், ஆங்கிலத்தோடு சீன மொழியும் பேசி வளர்ந்தார். 1917-இல் வேளாண் பொருளாதார அறிஞர் ஜான் லாசிங் பக்கை மணந்தார். 1920 மார்ச்சில் கேரல் என்னும் பெண்மகவு பிறந்தது. பிரசவத்திற்குப் பின் கருப்பையில் கட்டி இருப்பது தெரியவந்து, அறுவை சிகிச்சை நடந்தது. இனி அவருக்கு மகப்பேறு இல்லை என்றாயிற்று.

கேரல் காண்போர் வியக்கும் அழகுடைய குழந்தை. ஆயினும் மூன்று வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மழலைக்காக ஏங்கிய தாய், மகளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று மருத்துவர் பலரிடம் காட்டினார். பலர் நம்பிக்கை ஊட்டினர். ஒரே ஒரு மருத்துவர் மட்டும், இவள் ஒருபோதும் முழு வளர்ச்சி அடையமாட்டாள் என்ற உண்மையை ஒளிக்காமல் கூறினார். அன்று நெஞ்சைப் பிளந்த அச்சொற்களே வீண் அலைச்சலிலிருந்து தம்மை மீட்டன என்று பிற்காலத்தில் பேர்ல் அவருக்கு நன்றி பாராட்டினார்.

சீனத்து அண்டை வீட்டார் இத்தகைய குழந்தைகளை இயல்பாக ஏற்றுக்கொள்வதைப் பேர்ல் கண்டிருந்தார். அமெரிக்காவிலோ நிலைமை வேறு. மனவளர்ச்சிக் குறைபாடு குலவழி வரும் களங்கம் என்று ஹென்றி காடர்ட் என்னும் உளவியலாளர் 1912-இல் நூல் எழுதியிருந்தார். அக்கருத்து பிற்காலத்தில் தவறென ஒதுக்கப்பட்டது. எனினும் அந்நாளில் எண்ணற்ற குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஊரார் கண்ணில் படாமல் மறைத்து வைத்தன.

தாம் மறைந்தபின் மகளை யார் காப்பார் என்ற கவலை பேர்லை வாட்டியது. இல்லங்கள் பலவற்றைப் பார்வையிட்டு, இறுதியில் நியூஜெர்சி மாநிலத்து வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். காடர்ட் ஒரு காலத்தில் ஆராய்ச்சி செய்த இடமே அது. ஆயினும் அங்கே குழந்தைகளின் மகிழ்ச்சிக்கே முதலிடம் அளிக்கப்பட்டதைக் கண்டு அவர் மனம் தேறினார். 1929-இல், ஒன்பது வயது மகளை அங்கே விட்டுப் பிரிந்தார். கட்டணம் செலுத்தக் கையில் பணமில்லை; கடன் வாங்கினார்.

நான்ஜிங் நகருக்குத் திரும்பியவர், குழந்தையில்லாத வீட்டின் வெறுமையை எழுத்தால் நிரப்பினார். சில மாதங்களில் 'தி குட் எர்த்' என்னும் நாவல் உருவாகி, 1931-இல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. பேச்சும் அறிவும் வளராத ஒரு மகளைப் பரிவோடு காக்கும் சீன உழவனை அந்நாவலில் காண்கிறோம். அப்பாத்திரத்தின் மூலம் எது என்பதை அன்று வாசகர் எவரும் அறியவில்லை. நூல் தந்த வருவாயால் கேரலின் வாழ்நாள் பராமரிப்பு உறுதியாயிற்று.

இத்துடன் ஒரு தாயின் கடமை நிறைவுற்றது எனலாம். ஆனால், நாவல் எழுதிப் பொருளீட்ட இயலாத பெற்றோரின் கதி என்ன? இக்கேள்வி பேர்லை விடவில்லை. பள்ளிகள் வேண்டும், ஆராய்ச்சி வேண்டும். இரண்டுக்கும் நிதி வேண்டும். மறைத்து வைக்கப்பட்ட துயரத்திற்கு எவர் நிதி தருவார்? கேட்பவரே முதலில் வாய்திறக்க வேண்டும். சுமார் இருபதாண்டுகள் தம் மகளைப் பற்றி வெளியுலகிடம் பேசாதிருந்தவர் அவர். பணம் கொடுப்பது அவருக்கு எளிது. அந்த மௌனத்தைக் கைவிடுவதே அரிது.

1950-இல் அவர் அதைக் கைவிட்டார். 'வளராத குழந்தை' என்று பொருள்படும் தலைப்பில் தம் அனுபவத்தை ஒரு மாத இதழில் எழுதினார். அதே ஆண்டு அது நூலாகவும் வந்தது. நூலின் உரிமைத்தொகையை வைன்லாண்ட் பள்ளிக்கே அளித்தார். அப்பணத்தைவிடப் பெரிய பலன் ஒன்றும் விளைந்தது. இந்தத் துயரத்தில் தாங்கள் மட்டுமே இல்லை என்பதைப் பெற்றோர் உணர்ந்தனர். அதே 1950-இல் அமெரிக்காவின் பல பகுதிகளைச் சேர்ந்த பெற்றோர் கூடி ஒரு தேசிய சங்கத்தையும் தொடங்கினர். தனித்தனியே அழுதவர்கள் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டவும் உரிமை கோரவும் முன்வந்த காலம் அது.

கேரலின் குறைபாட்டிற்குக் காரணம் பீனைல்கீட்டோனூரியா என்பது பின்னாளில் தெரியவந்தது. உணவுப் புரதத்தில் உள்ள பீனைல்அலனின் என்னும் பொருளை உடல் சிதைக்க இயலாமையால், அது தேங்கி மூளையைப் பாதிக்கிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் 1934-இல் இந்நோயைக் கண்டறிந்தார். 1950-களில் அதற்குரிய உணவுமுறை உருவாயிற்று. 1960-களில், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் நோயைக் கண்டறியும் சோதனையை ராபர்ட் கத்ரி பரவச் செய்தார். இன்று பிறந்த சில நாட்களில் நோயை அறிந்து, தக்க உணவு கொடுத்தால் குழந்தை நன்கு வளர்கிறது. கேரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பேர்ல் 1973 மார்ச் 6-ஆம் நாள் மறைந்தார். கேரல், தாய் தேடிக்கொடுத்த இல்லத்தில் இசையை விரும்பிக் கேட்டபடி, 1992 வரை வாழ்ந்தாள். தாய் கடன் வாங்கிச் செய்த ஏற்பாடு, தாயின் மறைவுக்குப் பின்னும் மகளைக் காத்தது.

வளர்ச்சி தாமதமான குழந்தை இருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. அவ்வீட்டார் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வராமல் ஒதுங்கி நிற்பதை நாம் காண்கிறோம். பொருள் உள்ளோர் பொருள் அளிக்கலாம். அதற்கும் முன்பாக, அக்குழந்தையைக் கூச்சமின்றி அழைத்துவரும்படி நம் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது எவராலும் இயலும். அத்தொண்டு அங்கிருந்தே தொடங்குகிறது.