கடற்கரையில் நால்வரை நிறுத்தியவர்

பழைய தமிழ் சினிமாவில் கதாநாயகன் கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட மூணு ஷாட் போதும். சென்ட்ரல் ஸ்டேஷன், எல்.ஐ.சி. கட்டடம், அப்புறம் மெரினா உழைப்பாளர் சிலை! நாலு பேர், இடுப்பில் துண்டுத் துணி, கையில் கட்டை, எதிரே பெரும்பாறை. சங்கராபுரத்துல இருந்து இன்டர்வியூவுக்கும் அப்ரன்டிஸ் வேலைக்கும் சென்னை போற நம்ம பசங்க பலபேர் அதைப் பார்த்திருப்போம். செய்தது யாருன்னு கேட்டாத்தான் முழிப்போம்.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி. இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் பகுதியில் 1899 ஜூன் 15-ல் பிறந்தார். ஜமீன் குடும்பம். மண்ணைப் பிசைந்து பிழைக்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு!

அவர் சிறுவனாக இருந்தபோது வங்கம் கொதித்துக் கொண்டிருந்தது. 1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். தெருவெல்லாம் சுதேசி முழக்கம், அந்நியத் துணி எரிப்பு. அந்த நேரத்தில்தான் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை ஒரு காவியுடைப் பெண்ணாக வரைந்தார். நான்கு கையிலும் ஆயுதம் கிடையாது. நெற்கதிர், சுவடி, வெள்ளைத் துணி, ஜபமாலை. ஐரோப்பியப் படங்களை நகல் எடுப்பதுதான் கலை என்ற எண்ணத்தை உடைத்துக்கொண்டு ஓர் இயக்கமே அவரைச் சுற்றி எழுந்தது.

ராய் சௌத்ரி அந்த அபனீந்திரநாத்தின் மாணவர். ஆனா குருவோட பாதையிலேயே நின்னுடல. அந்த இயக்கத்தின் படங்களில் புராணமும் அரசவையும் நிறைய. வெயிலில் வேர்க்கிற மனிதன் குறைவு. இவர் மேல்நாட்டு உடற்கூறு முறையையும் கற்றுக்கொண்டு சிற்பத்துக்கு வந்தார். மல்யுத்தம் தெரிந்தவர். புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்குப் போவார், கதையும் எழுதுவார். தசை எங்கே இழுபடும், எங்கே புடைக்கும் என்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1929-ல் சென்னை எழும்பூர் அரசு கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்று வந்தார். 1850-ல் டாக்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய பள்ளி அது. அதன் முதல் இந்தியத் தலைவர் இவர்தான். ஒருவகையில் நம்ம பாலிடெக்னிக்குக்குப் பாட்டன் முறை! மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று கைத்தொழில்களே அங்கே பெரிசாக இருந்தன. ஓவியமும் சிற்பமும் சொந்தக் காலில் நின்றது இவர் காலத்தில்தான். உயிருள்ள ஆளை எதிரே நிறுத்தி, பார்த்து வரையச் சொன்னார். 1957 வரை 28 ஆண்டுகள்! கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் எல்லாம் இவரிடம் படித்தவர்கள். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமம் அமைத்தது தனிக்கதை. அடுத்த மலரில் யாராவது எழுதுங்களேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இவர் சிறைக்குப் போன தியாகி அல்ல, அரசு ஊழியர். வெள்ளைக்காரப் பிரமுகர்களுக்கும் சிலை செய்து கொடுத்தார். 1937-ல் எம்.பி.இ. பட்டமும் வாங்கினார். இருந்தாலும் அவர் கைக்குக் கிடைத்த விஷயங்களைப் பாருங்கள். 1936-ல் திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகலாம் என்று பிரகடனம் வந்தது. அதை வெண்கலப் புடைப்புச் சிற்பமாக்கினார். பசியில் ஒடுங்கிய உடம்புகளையும், குளிரில் ஒடுங்கிய கிழவர்களையும் வடித்தார்.

பாட்னா சிலை நம்மை ரொம்பவே தொடும். 1942 ஆகஸ்ட் 11. வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். தலைமைச் செயலகத்தில் கொடி ஏற்றப் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். பள்ளிக்கூடப் பசங்களும் அதில் உண்டு, நம்மைவிடச் சின்னவங்க! ராய் சௌத்ரி அந்த ஏழு பேரையும் ஒரே வரிசையில் வடித்தார். கொடி முன்னே போகிறது, ஆட்கள் விழுகிறார்கள், வரிசை நிற்கவில்லை. 1956-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார்.

இப்ப மெரினாவுக்கு வருவோம். பீடத்தின் மேல் யாரை ஏற்றுவார்கள்? தீவுத்திடலில் 1839 முதல் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே மன்றோ, அந்த மாதிரி கவர்னர், ராஜா, தலைவர்! பிரான்சில் 1849-ல் கூர்பே என்ற ஓவியர் ரோட்டோரம் கல் உடைக்கும் இரண்டு பேரைப் பெரிய படமாக வரைந்தபோது, இதுக்கெல்லாம் இவ்வளவு பெரிய படமா என்று பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ராய் சௌத்ரி பெயர் இல்லாத நாலு பேரை வெண்கலத்தில் வார்த்துக் கடலோரம் நிறுத்தினார். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய அதே கடற்கரையில், காமராஜர் முதல்வராக இருந்த 1959 ஜனவரியில் சிலை திறக்கப்பட்டது.

மெக்கானிக்கல் பசங்க அதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. நெம்புகோல் தத்துவம் அப்படியே தெரியும். கட்டையைப் பாறைக்கு அடியில் கொடுத்து, உடம்பு எடை முழுவதையும் அதில் இறக்குகிறார்கள். யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை, போஸ் கொடுக்கவில்லை. பாறை இன்னும் நகர்ந்தபாடில்லை. வேலை முடியுமுன்னே ஆளை நிறுத்திவிட்டார்! அதே கடற்கரையில் அதே 1959-ல் வைத்த காந்தி சிலையும் இவர் செய்ததுதான். நல்ல சிலைதான். ஆனா என் ஓட்டு இந்த நாலு பேருக்கே.

சிலை வெச்சா உடனே எல்லாம் மாறிடுமா? நம்ம கல்வராயன் மலையையே எடுங்க. ஜாகீர்தார்களுக்கு மலைமக்கள் கூலியில்லாமல் உழைத்துக் கொட்டிய இடம். ஜாகீர் போய் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். மெரினாவில் உழைப்பாளிக்குச் சிலை வைத்து 17 வருஷம் கழித்து! சிலை மலை ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு மே தினத்துக்கும் தொழிற்சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்து நிற்க ஓர் இடம் இருக்கிறது. ராஜாவுக்குப் போடும் மாலை கூலிக்காரன் கழுத்துக்கு வந்ததே, அது சின்ன விஷயமா?

1954-ல் மத்திய லலித் கலா அகாடமியின் முதல் தலைவர் ஆனார். 1958-ல் பத்மபூஷண். கடைசிக் காலத்தில் தண்டி யாத்திரையைக் கையில் எடுத்தார். காந்தியும் அவர் பின்னே பத்துப் பேருமாக மொத்தம் 11 உருவங்கள். முடிப்பதற்குள் 1975 அக்டோபர் 15-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு நிறைவு செய்யப்பட்டு, டெல்லியில் அது நிற்கிறது. டெல்லி போகாதவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். 1997-ல் வந்த 500 ரூபாய் நோட்டின் பின்பக்கப் படம் அதுதான். 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கும் வரை நம்ம அப்பாக்கள் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததும், நாலா எட்டா எண்ணிப் பார்த்து ஸ்கூல் ஃபீஸ் கட்டியதும் அந்த நோட்டைத்தான்.